பதினெட்டு கிலோமீட்டர்

பதினான்கு சைக்கிள் வாடகைக்கு வைத்திருக்கிறேன்.
ஒன்றுக்குப் பின்பிரேக் மட்டும்தான்,
அதை நானே ஓட்டுகிறேன்.

கானாடுகாத்தானுக்குப் பெரிய வீடு பார்க்க வருகிறவர்கள்
தூண்களை எண்ணி முடித்துவிட்டு
என் கடைப் பக்கம் வருவார்கள்.
மாசியில் வந்த பல் டாக்டரம்மா கேட்டார்:
"ஹாரன் சத்தமே இல்லாம ஒரு பாதை இருக்கா?"
இருக்கு என்றேன்.
இல்லை.
பங்குனியில் ஆட்களோடு வருகிறேன் என்று
அவர் போன பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

தேட நான் சரியான ஆள்.
பதினோரு வருஷம் டிப்பர் ஓட்டியவனுக்கு
டிப்பர் எங்கே நுழையாது என்று தெரியும்.
கலிங்கு ஒடுங்கிய கண்மாய்க்கரை,
தரைப்பாலம் சரிந்துபோன ஓடை,
தைலமரக் காட்டுக்குள் ஃபாரஸ்ட்காரர்கள் நட்ட
இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சந்து.
திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்த இடங்களையெல்லாம்
ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன்.
பதினெட்டு கிலோமீட்டர் வந்தது.

மேடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.
கரையில் ஏறும்போது மட்டும்
தொடை ஒரு வார்த்தை சொல்லும்.
அப்புறம் செஞ்சரளை,
சக்கரத்துக்கு அடியில் யாரோ
வறுகடலை கொறிப்பதுபோல்.
இடப்பக்கம் பாதிக் கண்மாய்.
வலப்பக்கம் அறுத்த வயலின் தாள்.
மடைக்கல்லில் ஒரு மீன்கொத்தி,
நாம் போகிற வேகத்துக்கெல்லாம்
அது பறப்பதில்லை.
எதிரே வருகிறவை அய்யனாரின் மண்குதிரைகள் மட்டும்.
முன்னங்காலைத் தூக்கி
வந்துகொண்டே இருக்கின்றன,
வந்து சேர்வதில்லை.

சீமைக்கருவேல முள்ளுக்கு
டியூப் என்றால் நாக்கு ஊறும்.
முதல் வாரம் ஏழு பஞ்சர், எல்லாம் எனக்கே.
சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய்
பனைமரத்தில், மடைச்சுவரில், உடைந்த மைல்கல்லின் முதுகில்
அம்புக்குறி போட்டேன்.
முப்பத்தொரு அம்பு.

பங்குனியில் டாக்டரம்மா வந்தார், கூட ஆறு பேர்.
காலையில் விட்டேன்.
ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பத்தேகாலுக்கு வந்தார்கள்,
ஹேண்டில்பார் பையெல்லாம் வெள்ளரிப்பிஞ்சு.
"அந்த நீல அம்புக்குறி ரொம்ப நல்ல ஐடியா" என்றார்.
நான் எங்கே நீலம் போட்டேன்?

போய்ப் பார்த்தேன்.
இருபதாவது பனையில் என் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு
ஆட்டுக்கு அடையாளம் வைக்கும் நீலத்தில்
எதிர்ப்பக்கம் ஒரு அம்பு.
வால் கொஞ்சம் கோணல்.
பக்கத்தில் மீனாள், தோளில் தொரட்டிக்கம்பு.

"யாரு மாத்துனது?"
"நாந்தேன்.
ஒன் அம்பு நேரா எங்கெடைக்குள்ள போகுது.
குட்டி போட்டதெல்லாம் மெரளுது.
ஒன்னு பால் குடுக்க மாட்டேங்குது."
"சைக்கிள்தானேக்கா."
"மணி அடிக்கிறீகள்ல?
அதுகளுக்கு நீயும் லாரிதான்."

கடியாபட்டி வளைவு ஞாபகம் வந்தது.
ஸ்கூல் பையோடு ஒரு பெண்
என் ஹாரனுக்குப் பயந்து
சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினாள்.
நான் நிறுத்தவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
எழுந்து, பாவாடையைப் பிழிந்து,
கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தாள்.
ஜல்லியை இறக்க நேரமாகிவிட்டது அன்றைக்கு.

மீனாளிடம் இதைச் சொல்லவில்லை.
நீல அம்பு வழியே ஓட்டிப் பார்த்தேன்.
அரை கிலோமீட்டர் சுற்று,
வெள்ளரி போட்ட கண்மாய் உள்வாயின் ஓரமாக.
முள் ஒன்றுகூட இல்லை.
பதினோரு வருஷத்தில் இந்தப் பக்கம்
வண்டி திருப்பக்கூட நான் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் பதினான்கு மணியையும் கழற்றினேன்.
அரிசிச் சாக்கில் போட்டு மேலே வைத்திருக்கிறேன்,
எலி ஓடினால் லேசாகக் கேட்கும்.

போர்டில் பதினெட்டு என்றுதான் இருக்கிறது,
மாற்ற பெயிண்ட் இல்லை.
வாடகை மணிக்கு முப்பது.
வெள்ளை அம்பைப் பாருங்கள்,
நீலம் வந்தால் நீலத்தோடு போங்கள்.
ஆடு கடந்தால் இறங்கி நில்லுங்கள்.
நாற்பத்தேழு உருப்படி.
கடைசியில் வருவது நொண்டி,
அதற்குக் கொஞ்சம் நேரமாகும்.